ஆமை ஏத்திட்டான்

வெல்டர் மூன்று சீட்டையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வெளியே சாரத்தில் கால் வைக்க முடியாத மழை. வேலை நின்றுபோனதால் தகரக் கொட்டகைக்குள் சிமெண்டுச் சாக்கை விரித்து, பீடியைப் பந்தயம் வைத்து மூன்று பேர் மூணு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெல்டர், பெயிண்டர், எதிரே ஆமை.

ஆமை என்பது சீட்டால் வந்த பெயர். உறுதியாக ஜெயிக்கிற சீட்டு வந்தால்தான் தலையை நீட்டுவான். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே கவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைப்பான்.

வேலையிலும் அப்படித்தான். சாரக் குழாய்களைப் பிணைக்கும் பூட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் இறங்கிப் போனான். அடுத்து ஏறிய வெல்டரின் தம்பி முதுகெலும்பு நொறுங்கி ஊரில் படுத்துக் கிடக்கிறான். விசாரணையில் ஆமை, "நான் எதையும் பாக்கலீங்க" என்றான். வெல்டரிடம் மட்டும் தனியாக, "சொன்னா வேலை போயிடும்னு பயமா இருந்துச்சுண்ணே" என்று அழுதான்.

"என்னிக்காவது இவனை உரிச்சுத் தொங்க விடறேன் பாரு" என்று வெல்டர் அன்றிலிருந்து பெயிண்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்று மூன்று ராஜா வந்திருக்கிறது. அதை மூன்று ஆஸால்தான் வெல்ல முடியும்.

"என்ன ஆமை, ஓட்டுக்குள்ள போற நேரமாச்சா?" என்று சீண்டினார். "உனக்கெல்லாம் உடம்புல ஓடுறது ரத்தமா, வெந்நீரா?"

ஆமையின் காது சிவந்தது. "பீடியெல்லாம் போதும்ணே. ஊருக்குப் போற என் லீவு முறையை வெக்கிறேன்."

பெயிண்டர் வாயைப் பிளந்தான். "ஆத்தாடி! ஆமையே பந்தயத்தை ஏத்துறான்னா உள்ள என்னமோ இருக்கு. ஆளை விடுங்க சாமி." சீட்டை மல்லாக்கப் போட்டான். இரண்டு ஆஸ், ஒரு ஏழு. "இதை வெச்சுக்கிட்டே ஓடுறேன் பாருங்க, என் நேரம்!"

"என் லீவையும் வெச்சாச்சு" என்றார் வெல்டர். தம்பியைப் பார்க்கப் போக வேண்டிய லீவு அது.

ஆமை கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாக்கில் வைத்தான். "இன்னும் ஏத்துறேன். இருக்கிறீங்களா, போறீங்களா?"

வெல்டர் அவன் முகத்தையே பார்த்தார். ஆமையின் கழுத்து நரம்பு துடித்தது. மழை தகரத்தைப் போட்டு அடித்தது.

"நமக்கு வேணாம்ப்பா. எடுத்துக்கோ." சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஆமை துள்ளி எழுந்தான். சீட்டை விசிறிக் காட்டினான். இரண்டு, ஐந்து, ஒன்பது. மூன்றும் மூன்று ஜாதி. "குப்பைண்ணே! வெறும் குப்பை! ரெண்டு பேரையும் ஓட விட்டேன் பாத்தீங்களா? இது தெரியாம இத்தனை நாள் வீணாப் போச்சே!"

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். "பக்கத்துக் கொட்டகையில பெரிய ஆட்டமாம்ல? ஒரு கை பாத்துட்டு வரேன்!"

பெயிண்டர் வெல்டரின் சீட்டைப் புரட்டினான். அலறிவிட்டான்.

"மூணு ராஜா! இதை வெச்சுக்கிட்டா பயந்தீங்க?"

"ரெண்டு ஆஸை நீ கீழ போட்டியேடா. அப்புறம் அவன்கிட்ட மூணு ஆஸ் எங்கேருந்து வரும்?"

"அப்ப தெரிஞ்சேவா விட்டீங்க? தம்பியைப் பாக்கப் போற லீவுண்ணே அது! அவனை உரிக்கறேன்னீங்க, மாலை போட்டு அனுப்பிட்டீங்களே!"

வெல்டர் வாசலைப் பார்த்தார். ஆமை மழையில் நனைந்தபடி, சேற்றைப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கொட்டகைக்குப் போனவன் எவனாவது சட்டையோட திரும்பி வந்திருக்கானா?"

"இல்லதான். ஆனா ஆமை அந்தப் பக்கம் தலை வெச்சே படுக்க மாட்டானே. அவனுக்குத்தான் பயமாச்சே."

"அதைத்தான்டா இன்னிக்குப் பிடுங்கினேன்."