காலியாக விட்ட கட்டம்

“மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், ஆன்ட்டி. காது கேக்காத மாதிரி வெளியே உக்காந்திருக்கா. இவளுக்கா உதவித்தொகை?”

டெக்லன் விண்ணப்பக் கோப்பை மேசைமேல் போட்டான். அயர்லாந்திலிருந்து வடக்கு ஆஸ்திரேலியாவின் இந்தப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் கழுத்து இன்னும் வெயிலில் உரிந்துகொண்டிருந்தது.

டல்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட்; அவளும் பழங்குடிதான். பணமில்லாமல் தவிக்கும் பழங்குடிச் சட்ட மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவருக்கு உதவித்தொகை. அது யாருக்கு என்பதில் அவள் சொல்தான் கடைசி.

எப்போதும்போல, சுவரில் இருந்த படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருந்தவள் பாலைவனத்து ஊர் ஒன்றிலிருந்து வந்து வக்கீலானவள். இறந்து மூன்று வருடம். உதவித்தொகை அவள் பெயரில்தான்.

“முதல்ல பேரே தப்பு. விண்ணப்பத்துல குமஞ்சாயி டிக்சன்னு எழுதியிருக்கா. மார்க் ஷீட்ல வேற பேரு, அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இப்படி இருந்தா செல்லாது.”

“அப்புறம்?”

“ஏழாவது கேள்வி. இந்த உதவித்தொகை யார் பெயரில் வழங்கப்படுகிறது, அவரைப் பற்றி எழுதுக. இருபது மார்க். கட்டத்தை அப்படியே காலியா விட்டிருக்கா. பெர்த்லேர்ந்து ஒரு பையன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். படிச்சா அழுகை வருது.”

“பிறந்த தேதி, ஜெயிச்ச கேஸு எல்லாம் இருக்குமே?”

“இருக்கு.”

“அவ எப்படிச் சிரிப்பான்னு இருக்கா?”

டல்சி தானாகவே சிரித்தாள்.

“எண்பத்தாறுல நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம், தம்பி. ஒப்பந்தச் சட்டப் புத்தகம் ஒண்ணு வாங்கத்தான் காசு இருந்துச்சு. அவ ரொட்டி அறுக்கிற கத்தியை எடுத்து அதை முதுகோட ரெண்டாப் பிளந்துட்டா. முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. ஞாயித்துக்கிழமை மாத்திக்கணும். பரீட்சைக்கு முன்னாடி பெரிய சண்டை. பேச்சுவார்த்தை கிடையாது. ஒப்பந்தம் போடத் தெரியாம அவ போனா, அதை மீறினா என்ன ஆகும்னு தெரியாம நான் போனேன்.”

டெக்லனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பாஸானீங்களா?”

“அவ பாஸ். நான் மறுபடி எழுதினேன். வருஷம் பூரா சொல்லிக் காட்டினா, கழுதை.”

டல்சியின் குரல் தணிந்தது.

“மாதிரி நீதிமன்றத்துல வாதாட கறுப்பு ஷூ போட்டாகணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி. அவ கால் சின்னது, முனையில பேப்பரைச் சுருட்டி அடைச்சுப்பா. வாதாடி முடிச்சதும் ஓடி வந்து வராண்டாவுல கழட்டிக் குடுப்பா. உள்ள சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூட்டோட நான் போட்டுக்கிட்டு உள்ள போவேன்.”

கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“அப்படிப்பட்டவங்களைப் பத்தி ஒரு வரி எழுத மனசில்லாதவளுக்கா குடுக்கணும்?” என்றான் டெக்லன். “சொந்த ஊர்க்காரங்களே அவங்களை மறந்துட்டாங்க, ஆன்ட்டி. ரெண்டு வருஷமா அந்த ஊர்லேர்ந்து ஒரு விண்ணப்பம்கூட வரல. இவதான் முதல். இவளும் படத்தைக் கண்டதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளியே போயிட்டா.”

“பையோட உக்காந்திருக்காளே, ஏன்?”

“நாலு மணிக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பஸ். இன்னிக்குக் கிடைக்கலைன்னா ஊருக்குப் போயிடுவாளாம். படிப்பு அவ்வளவுதானாம்.”

மணி மூன்றேகால். டல்சி கோப்பை இழுத்து, ‘தேர்வு’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“ஆன்ட்டி! பேரு?”

“அதுக்கும் நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். மார்க் ஷீட்ல இருக்கிற பேரைப் பாரு. வாய்விட்டுப் படிக்காதே. இப்போ எனக்குப் பின்னால, படத்துக்குக் கீழே பாரு.”

பார்த்தான். குடும்பப் பெயர் வேறு வேறு என்பதால் இதுவரை கவனிக்கவில்லை. முதற்பெயர் இரண்டிலும் ஒன்றே.

“படத்துல இருக்கிறவ இவளோட பெரியம்மா, அவ பேரைத்தான் இவளுக்கு வெச்சாங்க. எங்கள்ல ஒருத்தர் போயிட்டா, துக்கம் முடியுற வரைக்கும், எத்தனை வருஷமானாலும், சொந்தக்காரங்களும் நெருங்கினவங்களும் அந்தப் பேரைச் சொல்லமாட்டோம், எழுதமாட்டோம், படத்தைப் பார்க்கமாட்டோம். அதே பேரு உள்ளவங்களும் தங்க பேரை விட்டுடணும். அப்படி விட்டவங்க எல்லாருக்கும் ஒரே பேருதான், குமஞ்சாயி. மேலிடத்துல பாசத்துலதான் அவ பேரை வெச்சாங்க, எங்களைக் கேக்கல. அந்த ஊர் ஒண்ணும் மறக்கலை, தம்பி. எழுத முடியாத பேரை எழுதச் சொன்னீங்க, அதான் யாரும் வரல.”

டெக்லன் கதவைத் திறந்தான்.

“குமஞ்சாயி,” என்று மெல்லக் கூப்பிட்டான்.

முதல் தடவையிலேயே அவள் திரும்பினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கத்தி, புத்தகம், ஷூ என்று இத்தனையும் சொன்ன டல்சி, இந்த நான்கு மாதத்தில் அந்தப் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. இப்போதும் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.