தாய்வீட்டுப் பிரசவம்

பல்கேரியாவில் ஆலைகள் மூடியதும் இளைஞர்களெல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இப்போது ஐந்தாண்டில் ஒரு குழந்தைகூடப் பிறக்காத ஊருக்கு அரசு மின்சாரத்தை நிறுத்திவிடும். எங்கள் ஊருக்கு இன்னும் மூன்று மாதம்தான் கெடு. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த நான்தான் இங்கே ஒரே கர்ப்பிணி.

“முதல் பிரசவம் எங்கம்மா வீட்லதான். உங்க புள்ளைங்க ஓடிப்போனதுக்கு நானா பெத்துக் குடுக்கணும்?” என்று மேயர் ராட்காவிடம் கத்தினேன்.

அவள் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். “போய்ட்டு வாம்மா. எனக்கும் எங்கம்மாதான் பக்கத்துல இருந்தா.”

வெளியே ஊரின் பதினோரு பேரும் வழியனுப்ப நின்றார்கள். வளைகாப்பு பற்றி எங்கோ படித்தார்களாம். கண்ணாடி வளையல் கிடைக்காததால், மார்ச் மாதம் அவர்கள் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலை என் கை நிறையக் கட்டிவிட்டார்கள்.

விழுப்புரத்துக்குப் போன் போட்டேன்.

“அம்மா, நூறு நாள் வேலைக்கு லீவு சொல்லிட்டு நீ இங்க கெளம்பி வா. ஸ்வெட்டர் எடுத்துக்கோ, குளிரும்.”