அழுகைக்கு ஓர் ஆள்

"உன் சக்களத்தி, அந்த மூத்தவ பண்ணின காரியம் தெரியுமாடி, ஹின்லே?"

பக்கத்து வீட்டு சொந்தியே சோளக்கள் பானையைக் கிளறுவதை நிறுத்தினாள். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"எந்தக் காரியம்?"

"போன சந்தையன்னிக்கு ஒரு மரப்பொம்மை செதுக்கச் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கா. கன்னத்துல கை வச்ச அழுமூஞ்சி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

ஹின்லேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பொம்மை எதற்கென்று ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். யார் பேரில் வைக்கிறார்களோ அவர் துக்கத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டு அழும். அவர் கண்ணில் தண்ணீர் வராது.

போன மாதம் போனது ஹின்லேயின் ஒரே கைக்குழந்தை. அந்த இழவிலும் மூத்தவள் யேரி அழவில்லை. வந்தவர்களுக்குக் கள் மொண்டு ஊற்றிக்கொண்டு நடமாடினாள்.

"அன்னிக்கே அவ கண்ணு நனையல. இப்ப மிச்சத்துக்கும் கட்டையை உட்கார வச்சுட்டா!" என்றாள் சொந்தியே.

"என் பிள்ளைக்கு அழக்கூடவா அவளுக்கு நோவுது?"

தன் மேலேயே ஹின்லேவுக்கு ஏற்கெனவே ஆத்திரம். இந்தச் சில நாளாகத்தான் தொண்டையில் களி இறங்குகிறது, படுத்தால் கண் அசருகிறது. பெற்ற பிள்ளையை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டேனே, நானும் ஒரு தாயா என்று குமைந்துகொண்டிருந்தாள். அந்தக் கோபமெல்லாம் இப்போது மூத்தவள் மேல் திரும்பியது.

வீட்டுக்குள் ஓடி உலக்கையை எடுத்துக்கொண்டு யேரியின் அறைக்குள் நுழைந்தாள்.

இருட்டு மூலையில் நின்றது பொம்மை. கன்னத்தில் கை. தலையில் கோழி இறகு ஒட்டியிருந்தது. கழுத்தில் நீல மணிச்சரம்.

அவளுடைய மணிச்சரம்! காணோமென்று வீடெல்லாம் தேடியது.

"அடிப்பாவி, திருட்டு வேறயா!"

உலக்கையை ஓங்கினாள். பின்னாலேயே ஓடிவந்த யேரி அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா! உனக்கென்ன, ராசாத்தி! கட்டையை அழவிட்டுட்டு நீ வயிறாரத் தின்னு, காலை நீட்டித் தூங்கு!"

"ஐயோ, உடைச்சிடாதடி!"

"உடைப்பேன்! என் பிள்ளைக்கு நீ அழுதா என்ன குறைஞ்சா போயிடுவே?"

"நான் அழுறது இருக்கட்டும்டி." உலக்கையை விடாமலே யேரி விசும்பினாள். "குறிக்காரர் கையைப் பிடிச்சுக் கெஞ்சி, உன் பேர்ல வச்சது அது. உடைச்சா, மறுபடியும் நீயே அழணும்."