சிவப்புப் பட்டை வைத்த கால்சட்டை

மேஜைமேல் கிடந்த கால்சட்டையைப் பார்த்ததுமே ஸவேலி லூகிச் தெரெகோவுக்கு விளங்கிவிட்டது, இன்றைக்குத் தன் கதையை முடிக்கப் போகிறார்கள்.

கருநீலத் துணி. இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அகலமான சிவப்புப் பட்டை. ஜார் மன்னனின் ஜெனரல்கள் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அதே பட்டை.

உள்நாட்டுப் போரில் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் அவருடைய குதிரைப்படை ஆட்கள் குறி வைப்பார்கள். செஞ்சேனையில் ஜெனரல் என்று ஒரு பதவியே கிடையாது. அது வசவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் கைதானபோது அவரே டிவிஷன் கமாண்டர், அவ்வளவுதான்.

இப்போது, மூன்று வருஷச் சிறைக்குப் பிறகு, படைத் தலைமையகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்ட கர்னல் புஷுயேவ் என்ற ஆள், "போட்டுப் பாருங்க, தோழர் ஜெனரல்" என்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

போட்டால் போட்டோ எடுப்பார்கள். ஜெர்மன்காரன் ஜெயித்தால் உனக்கு ஜெனரல் பதவியாமே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களே, அதற்கு அத்தாட்சி கிடைத்துவிடும். அப்புறம் ஒரே ஒரு குண்டு.

ஆனால் நிஜமாகவே விடுதலை செய்கிறார்கள் என்றால்? வேண்டாம் என்று சொல்வது தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதாகிவிடும். மறுபடியும் அந்தக் கொட்டடி, மறுபடியும் அந்த மலவாளி.

காலையிலிருந்தே எதுவும் சரியாக இல்லை. வெந்நீர் கொடுத்தார்கள். முகம் மழித்துவிட்டார்கள். காவல்காரன் "வாடா" என்று கூப்பிடாமல் "வாங்க" என்றான்.

தேநீரும் சாஸேஜும் வந்தன. சாகப்போகிறவன் பசியோடு வேறு சாக வேண்டுமா என்று, முன்பல் இல்லாத வாயில் ஊறவைத்து ஊறவைத்துச் சாப்பிட்டார்.

கர்னல் பொறுமையாக விளக்கினார். போன வருஷம்தான் படையில் ஜெனரல் பதவி கொண்டுவந்தார்களாம். பட்டையும் அதோடு சேர்ந்து வந்ததாம். ஜெர்மன்காரன் எல்லை தாண்டி மூன்று வாரமாயிற்றாம், மின்ஸ்க் நகரம் போய்விட்டதாம், படை நடத்த ஆள் இல்லையாம்.

மின்ஸ்க்! மின்ஸ்க்கின் கதவைத் திறந்துவிடச் சதி செய்தாய் என்பதுதான் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டே. உள்ளே கிடந்தவன் எப்படியப்பா திறந்துவிட்டேன்?

பத்திரிகையைக் காட்டினார்கள். அதை அச்சடிக்கிறவர்களும் இவர்கள்தானே என்று மடித்து வைத்துவிட்டார்.

கால்சட்டையை அளவு பார்க்க வாய் நிறையக் குண்டூசியோடு நின்ற தையல்காரக் கிழவர் மொய்ஸேயிச், ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு கதை சொன்னார். ஜார் காலத்தில் ஜெனரல்களுக்குத் தைத்தவராம். புரட்சி வந்ததும் பயந்துபோய் அந்த அளவுத் தாள்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாராம். போன வருஷம் கூப்பிட்டு அதையே தைக்கச் சொன்னபோது, ஞாபகத்திலிருந்து வரைந்தாராம். சொல்லிவிட்டுக் கர்னலைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

கதை ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அதுதான் ஸவேலி லூகிச்சுக்கு உறுத்தியது. இந்தக் கட்டடத்தில் பொருத்தமான கதை கட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள்.

கர்னல் ஒரு தாளை நகர்த்தினார். ஒன்றுமில்லை, சீருடை பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஒரு கையெழுத்துப் போதும் என்றார்.

ஸவேலி லூகிச் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். இங்கே போடுகிற கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கா தெரியாது?

யோசித்தார். இந்தக் கூரைக்குக் கீழே நம்பும்படி ஓர் ஆள் இல்லை. வெளியே நாலு பேர் இருந்தார்கள்.

"என் டிவிஷன் ஆளுங்க நாலு பேர். ருத்னேவ், கவ்ரீலின், பாஹ்தின், லெம்கே. அதுல ஒருத்தன் வந்து என் மூஞ்சியப் பாத்து, 'போட்டுக்குங்க ஸவேலி லூகிச்'னு சொல்லட்டும். அப்பப் போட்டுக்கறேன்."

காலில் குண்டு பாய்ந்து கிடந்த அவரை ஆற்றுக்கு இந்தக் கரையில் கொண்டுவந்து போட்டவன் ருத்னேவ். சதுரங்கத்தில் தோற்றுத் தோற்றுக் காய்களைத் திட்டுகிறவன் லெம்கே. அவர்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

கர்னல் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த தடித்த வழக்குக் கோப்பை எடுத்துப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். மொய்ஸேயிச் கீழே விழாத ஊசியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரும் இல்ல, தோழர் ஜெனரல். முப்பத்தெட்டு நவம்பர்லயே முடிஞ்சுபோச்சு" என்றார் கர்னல். பிறகு கோப்பைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "சதியில உங்களோட யார் யார்னு கேட்டதுக்கு, இவங்க பேர எழுதிக் குடுத்ததே நீங்கதானே?"

தூங்கவிடாத பதினோராவது நாள் எழுதியது. வரிகள் சரிந்து கிடந்தன. அடி நின்றால் போதும் என்று எழுதியது. பழுதே சொல்ல முடியாத ஆட்களாகப் பார்த்து எழுதினால், படிக்கிறவன் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவான் என்று கணக்குப் போட்டு எழுதியது. கிழித்திருப்பான் என்றே மூன்று வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஏமாற்ற வந்தவன் என்றால் இதைக் காட்டியிருக்க மாட்டான், நாலு பேரும் சௌக்கியம் என்று பொருத்தமாக ஒரு கதை கட்டியிருப்பான்.

"நம்பறேன்" என்றார் ஸவேலி லூகிச்.

பேனாவைக் கேட்டு வாங்கி ரசீதில் கையெழுத்துப் போட்டார். கர்னல் அதைக் கோப்பில் இருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று தலையாட்டினார்.