பசார் மாலாம் சார்ஜர்

பக்கத்து வீட்டில் செல்லப்பன் அங்கிள் ரேடியோவைத் திறந்ததும், நான் நடுச்சுவர் பிளக்கில் சார்ஜரைச் சொருகினேன்.

அந்தப் பக்கம் பாட்டு கரகரத்தது, இழுத்தது, மூழ்கியது. அதன்மேல் வண்டு போல ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“அலமாக், இன்னிக்குமா?” என்றார் அங்கிள்.

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் இதுதான் என் வேலை. எனக்கு இனித்தது.

மலேசியாவின் கூலாயில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும்.

பொழுது சாயும் நேரத்தில் அவருடைய பழைய பெட்டியில், ஏஎம் அலைவரிசையில், கடல் தாண்டிய ஒரு நிலையம் எட்டும். பழைய பாட்டுகளாகப் போடுவார்கள். எஃப்எம் அவருக்கு ஆகாது. “அதுல பாட்டு எங்க லா போடறான், வாய்தான்” என்பார்.

எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்தார். பக்கத்தில் எந்த மின்கருவி இரைந்தாலும் ஏஎம் அதையும் பாட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும், எஃப்எம் வாங்காது. பாட்டெல்லாம் எஃப்எம்முக்குக் குடிபோனதற்கு அதுவும் ஒரு காரணம். மலிவு சார்ஜர் போதும், ஏஎம்மைக் கொன்றுவிடும் என்றார்.

அப்படித்தான் சொன்னாரா என்று பிறகு சந்தேகம் வந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வகைக்கு ஒன்றாகச் சார்ஜர் வாங்கி, ஒரு சின்ன ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். இருப்பதிலேயே மோசமானதை வைத்துக்கொண்டேன்.

முன்பு அம்மா வாசலில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகை தன் காரில் படிகிறது என்று நகராட்சி மஜ்லிஸில் புகார் கொடுத்தவர் செல்லப்பன் அங்கிள். லாரி வந்து மேசை, அடுப்பு, குடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. அவர் கேட்டருகே நின்று பல் குத்திக்கொண்டே பார்த்தார். முந்தின நாள் அதே கறிபாப்பைத் தின்று, கிழங்கு வேகவில்லை என்று குறையும் சொன்னவர்.

அதிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை. இந்த நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை நடுச்சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

இன்றைக்குத்தான் சரியாகக் கவனித்தேன். கண்ணை மூடி, காதைச் சுவரில் வைத்திருந்தாள்.



மாவு மடிக்கும்போது, சுவர் வழியே வந்த பாட்டோடு அவள் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. இவ்வளவு கணக்குப் பார்த்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? அவரிடமிருந்து பிடுங்கியதை அவளிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் அங்கிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். தட்டினார். குலுக்கினார். ரேடியோ செய்தவனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார்.

“இந்தப் பாட்ட எப்பவாச்சும்தான்டா போடுவான்” என்றபோது அவர் குரல் உடைந்தது.

நான் சார்ஜரைப் பிடுங்கினேன்.

இரைச்சல் அறுந்தது. பாட்டு சுவர் முழுக்கப் பரவி வந்தது. அம்மாவின் உதடுகள், பாடகிக்கு முன்பே, அடுத்த அடியைச் சொல்லின.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“ஏன் தேனு பிடுங்குன? அந்தாளு திட்டுறது நின்னுபோச்சு பாரு.”

“நீ பாட்டு கேக்கத்தாம்மா” என்றேன்.

“எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுதான்” என்று மறுபடி காதைச் சுவரில் வைத்தாள். “மாட்டு.”