வெள்ளைத் தாள்

"பசிக்குதுடா" என்றாள் அக்கா.

முந்தாநாள் இரவிலிருந்து குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தவள், இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒரு பாட்டம் வம்பும் பேசி முடித்திருந்தாள்.

எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்க அவள் கணவர் போயிருந்தார். காளான் என்றாலே முகம் சுளிக்கிறவர். அந்தக் குழம்பைத் தொடவில்லை, தப்பித்தார்.

தம்பி கல்லூரியில் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவன். உலகத்தில் படிக்க வேறெதுவும் கிடைக்கவில்லையா என்று அக்கா இருபது வருடமாகக் கேலி செய்கிறாள். அவனும் சளைக்காமல் சொல்வான்: அது செடியுமில்லை, விலங்குமில்லை, தனி இனம். அது இல்லாவிட்டால் செத்தது எதுவும் மக்காது, விழுந்த மரங்கள் குவிந்து காடே மூச்சுமுட்டிப் போகும்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. தோட்டத்து மரத்தடியில் முளைத்திருந்த காளானைப் பறித்து வைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தாள்.

அவன் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தான். தொப்பியைக் கிள்ளி, அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிற பக்கம் கீழே படுகிற மாதிரி ஒரு தாளில் வை, காலையில் எடுத்துப் பார், வெள்ளைத் தூள் உதிர்ந்திருந்தால் தொடாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நேற்று டாக்டர் கேட்டபோது, தூள் எதுவும் உதிரவில்லையாம், விஷக் காளானாக இருக்காது என்று அடித்துச் சொன்னதும் அவன்தான். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி சலைன் ஏற்றினார்கள்.

"என்னமோ நான் கண்ண மூடிட்டு சமைச்ச மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. இந்தா, நீயே பாரு. ஒண்ணுமே விழலை."

கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். நோட்டிலிருந்து கிழித்த வெள்ளைத் தாள்.

ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தான். விரலால் தடவி, போட்டிருந்த கறுப்பு பேண்ட்டில் தேய்த்தான். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஆளுக்கொரு கறுப்புத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். கூடப் பிறந்தவளுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

கோட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஆமாக்கா. ஒண்ணுமே விழலை."

அவள் ஜெயித்துவிட்ட சிரிப்புடன் பின்னலை முடித்தாள். கணவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார், நாளைக்கே போகலாமாம். தம்பி எழுந்து டாக்டர் அறைப் பக்கம் நடந்தான்.

அவன் எழுதிய பாடப்புத்தகத்தில் அந்தக் காளானுக்கு அரைப் பக்கம் உண்டு. முதல் நாள் ஓயாத வாந்தி என்று எழுதியிருந்தான். அடுத்த நாள் எல்லாம் நின்றுவிடும், உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, நோயாளிக்கு நன்றாகப் பசிக்கும்.