உப்பில்லாப் பத்தியம்

பேரின்பநாயகம் மீன்குழம்பைத் தள்ளி வைத்தார்.

“உப்பு, புளி ஒண்டும் வேண்டாம். விரதம்.”

“விரதக்காரர் வாசலிலை நிண்டு சுருட்டுக் குடிப்பாரோ?” என்றாள் மனைவி யோகம்.

கந்தோரில் வெள்ளைக்காரத் துரைக்கே பதில் சொல்லும் மனிதர் இப்போது வெறுஞ்சோற்றைப் பிசைந்தார்.

“சிராங்கூன் றோட்டு வைத்தியரிட்டைப் போனியளோ?”

“ஓம், மூக்கடைப்பு, தடிமனுக்கு…”

“தடிமனுக்கு ஆர் உப்பையும் புளியையும் மறிக்கிறது? அந்தப் பத்தியம் எந்த வருத்தத்துக்கு எண்டு எனக்குத் தெரியாதோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

அவர் உடைந்துபோனார். “வெள்ளிக்கிழமை மலாய்த் தெருவிலை தாசி ஒருத்தியிட்டைப் போனனான். ஒருக்காத்தான். இன்னும் ஒரு வருத்தமும் இல்லை. அவளிட்டையிருந்து மேகநோய் தொத்தியிருக்குமோ எண்ட பயத்திலைதான் மருந்து வாங்கினனான். என்னை மன்னிச்சுக்கொள், யோகம்.”

யோகம் அழவில்லை, கத்தவில்லை. குசினிக்குள் போனவள் உடனே ஒரு சட்டியோடு திரும்பி, அவர் சோற்றில் பருப்பை ஊற்றினாள். உப்பில்லை, புளியில்லை.

இப்படிப்பட்டவளுக்கா துரோகம் செய்தோம் என்று கண் கலங்க ஒரு வாய் உண்டார். அடுத்த வாய்க்குக் கை எழவில்லை. பருப்பு ஆறிப்போயிருந்தது.

“இதை எப்ப சமைச்சனீ?”

“மத்தியானம்.”

“பத்தியம் எண்டு நான் இப்பத்தானே சொன்னனான். மத்தியானம் ஆருக்குச் சமைச்சனீ?”

யோகம் மீன்குழம்பை எடுத்து மூடிவிட்டு, தன் சோற்றிலும் அந்தப் பருப்பையே ஊற்றினாள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.